இருநூற்று நாற்பது கண்ணி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதல் ஷிஃப்ட் ஆட்கள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஃபிட்டர் சரக்கு லிஃப்டின் பொத்தானை அழுத்தினான். மேலே மோட்டார் ஓடத் தொடங்கியது. தட்டு கிளம்பவில்லை.

ஒரு நொடிதான். பிறகு கிளம்பியது. ஆனால் அந்த ஒரு நொடியில், தகரக் கூரை இன்னும் சூடேறாத அந்தக் காலி ஆலையில், ஈர அட்டையும் பசையும் கலந்த வாசனைக்கு நடுவில், செயின் தன் தளர்வை மெல்ல இழுத்து விழுங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தூங்கி எழுந்தவர் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவதுபோல இருந்தது.

அவன் மறுபடி இறக்கினான். மறுபடி ஏற்றினான். மறுபடியும் அந்த ஒரு நொடி.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலை அது. கீழ்த்தளத்தில் வெட்டிக் கட்டிய அட்டைகள் மேல்தளத்து அச்சு இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதற்குத்தான் இந்த லிஃப்ட். ஆள் ஏறக் கூடாது. ஓர் இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் தண்டவாளம். மேலே மோட்டாரும் ஒரு பல்சக்கரமும், கீழே இடுப்பளவுக் குழிக்குள் இன்னொரு பல்சக்கரம். இரண்டையும் சுற்றி ஓடும் ஒரே செயின். இருநூற்று நாற்பது கண்ணி.

அந்தச் செயினை அவன்தான் தேர்ந்தெடுத்தான், ஐந்து மாதங்களுக்கு முன்பு. பழையதன் அளவேதான், தரம் மட்டும் ஒரு படி மேல். சக்கரங்களையும் சேர்த்தே மாற்றினான். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் பழைய பல் புதியதையும் கெடுத்துவிடும். ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு மருந்து விடுவதுபோல எண்ணெய் விட்டான். தளர்ந்து இறங்கும் பக்கத்தில், உள்விளிம்பில் விட்டால்தான் எண்ணெய் கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்குள் போகும். இறுகி ஏறும் பக்கத்தில் விட்டால் வெளியே பளபளக்கும், உள்ளே வறண்டு கிடக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்ட செயின் ஐந்து மாதத்தில் தளரக் கூடாது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினான். குழிக்குள் இறங்கி டேப்பை வைத்துப் பதினாறு கண்ணியை அளந்தான். புதிதில் 610 மில்லிமீட்டர் இருக்கும். 619 தாண்டினால் செயினை மாற்றிவிட வேண்டும். இப்போது 610. வேறொரு இடத்தில் அளந்தான். 610. தேய்மானமே இல்லை.

தேயாத செயின் தளர வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. அது நடக்காத வழி. இருந்தாலும் சாக்பீஸால் ஒரு கண்ணியில் கோடு போட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணினான்.

இருநூற்று நாற்பத்திரண்டு.

"என்ன ஃபிட்டரே, காலங்காத்தால எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" மேல்தளத்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்தான். ஆள் உயரம், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். "குறைஞ்சா நானா எடுத்துட்டுப் போயிருப்பேன்? எங்க வீட்டு நாய்க்குக் கட்டினாக்கூட அது தலையைத் தூக்க முடியாது."

"குறையலை."

"அப்புறம் என்ன? கூடினா லாபம்தானே."

அவன் சிரிக்கவில்லை. நெட்டையும் அதை எதிர்பார்க்கவில்லை. ஐந்து மாதமாக ஃபிட்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதற்காக அழுதும் பார்த்ததில்லை.

இரண்டாவது சுற்றில் அவற்றைக் கண்டான். பளபளக்கும் கண்ணிகளுக்கு நடுவில் இரண்டு மட்டும் மங்கலாக இருந்தன. ஒரு வெளிக்கண்ணி, ஓர் உள்கண்ணி. மூட்டில் செந்தூள் படிந்திருந்தது. எண்ணெய் எட்டாத பின்னில் வரும் துருத் தூள் அது, வேறொன்றும் இல்லை. பின்னின் தலையில் கிரைண்டர் கீறல். இடமிருந்து வலமாக, கொஞ்சம் சரிந்து, இடது கைக்காரன் போட்ட கீறல்.

அவன் இடது கைக்காரன்.

லாக்கரைத் திறந்தான். அடித்தட்டில், பழைய சட்டைக்குக் கீழே, ஒரு பால்பவுடர் டின் இருந்தது. அதற்குள் எட்டு கண்ணிகள் இருக்க வேண்டும். கொட்டினான்.

ஆறு இருந்தன.

*

மச்சான் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தங்கையின் கணவன். இதே லிஃப்டில் கீழே நின்று கட்டுகளை ஏற்றுகிற வேலை. ஒருநாள் தட்டு மேலே போய்க்கொண்டிருந்தபோது, அடியில் விழுந்த அட்டைத் துண்டை எடுக்கக் குனிந்தான். செயின் பல் தாண்டியது. தட்டு இறங்கியது.

அறிக்கை எழுதினார்கள். பன்னிரண்டு கட்டு ஏற்ற வேண்டிய தட்டில் அவன் பதினைந்து ஏற்றியிருந்தான் என்று எழுதினார்கள். ஃபிட்டர் கையெழுத்துப் போட்டான்.

அறிக்கையில் இல்லாதது இது. செயின் தேய்ந்து நீண்டபோதெல்லாம், அதை மாற்றாமல், அதிலிருந்து இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் இணைத்தார்கள். நான்கு முறை. வெட்டினால் நீளம் சரியாகும், தேய்மானம் சரியாகாது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் பல்லின் அடியில் உட்காராமல் கொஞ்சம் மேலேறி, வழுக்கும் படியில் நுனிக்காலில் நிற்பவனைப்போல நிற்கும். அவனுக்கு அது தெரியும். புதுச் செயின் ஸ்டோரிலேயே இருந்தது. "வேலையை நிறுத்தாதே. ரெண்டை எடுத்துட்டு ஓட்டு, அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அவன் எடுத்துவிட்டு ஓட்டினான். கடைசியாக அளந்தபோது 631 வந்தது. லிஃப்டில் தொங்கும் அட்டையில் 618 என்று எழுதினான்.

வெட்டியெடுத்த எட்டையும் டின்னில் போட்டு வைத்தான். எதையும் தூக்கி எறியாத பழக்கம். டின் இருப்பது யாருக்கும் தெரியாது. நெட்டைக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது.

மச்சானின் வேலை தங்கைக்குக் கிடைத்தது. அவளுக்காகப் பேசி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். இப்போது அவள்தான் அதே இடத்தில் நின்று கட்டுகளை ஏற்றுகிறாள். ஒவ்வொரு கட்டையும் வாய்விட்டு எண்ணித்தான் வைப்பாள். பன்னிரண்டு வந்ததும் தள்ளி நிற்பாள். "உன் வீட்டுக்காரன்தான் பேராசைப்பட்டு அடுக்கிட்டான், நீயாவது ஜாக்கிரதையா இரும்மா" என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அப்படி.

*

மங்கிய இரண்டையும் கழற்றினான். உதறலில்லாமல், அவசரமில்லாமல் கழற்றினான். பின்னின் தலையை அரைத்து, தட்டி வெளியே தள்ளினான். அவன் முன்பே அரைத்து எடுத்த தலைதான் அது. மறுபடி முழுசாக முளைத்திருந்தது. கீறல் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிந்தது. கொஞ்ச நாளாக எதைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடிந்தது. நாக்கு சுட்டுப்போன மறுநாள் சாப்பிடுவதுபோல எல்லாமே போய்க்கொண்டிருந்தது. சூடு தெரியும், ருசி தெரியாது.

டின்னில் எட்டு. மூடி இறுக்கினான். லாக்கரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

அடுத்த திங்கட்கிழமை செயினில் இருநூற்று நாற்பத்து நான்கு. டின்னில் நான்கு.

இந்த முறை செயினில் இருந்து எடுத்த நான்கையும் பழைய இரும்பு ஏற்றும் லாரியில் தன் கையாலேயே போட்டான். லாரி கேட்டைத் தாண்டி, வளைவில் திரும்பி, புகை அடங்கும்வரை நின்று பார்த்தான். டின்னில் மிச்சமிருந்த நான்கையும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிக்குள் வைத்தான்.

மூன்றாவது திங்கள், இருநூற்று நாற்பத்தாறு. லாரியில் போன நான்கும் திரும்பியிருந்தன. கூடவே, வீட்டுத் துணியில் இருந்து இரண்டு.

ஆறையும் எடுத்தான். குழியின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. அவன் அங்கிருந்து நகரவில்லை. பக்கத்து கன்வேயரில் ஒரு பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுபோல வைத்துக்கொண்டு, லிஃப்டின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். கூரையின் கண்ணாடித் தகடு வழியாக விழுந்த வெயில் மெதுவாகத் தரையில் நகர்ந்தது. தங்கையின் குரல் வந்துகொண்டிருந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பொத்தான். மோட்டார். தட்டு. நன்றாகத்தான் போனது. மதியம் ஒரு மணி வரை நன்றாகத்தான் போனது.

ஒரு மணிக்குப் பிறகு அந்த நொடி திரும்பி வந்தது.

பன்னிரண்டு. பொத்தான். மோட்டார். ஒன்றுமில்லை. செருமல். பிறகு தட்டு.

குழி ஓரத்தைப் பார்த்தான். எண்ணெய்க் கறை மட்டும் ஆறு வளையமாக இருந்தது.

"வெளியே வா" என்றான்.

தங்கை திரும்பினாள். "என்னண்ணா?"

"வெளியே வான்னு சொல்றேன்ல."

அவள் வந்தாள். தட்டு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சிவப்புப் பொத்தானை அடித்தான். மேலேயிருந்து நெட்டை கத்தினான்: "யோவ், பாதியில நிறுத்தினா எப்படி? என் மெஷின் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது!"

"டென்ஷன் பாக்கணும்."

"இந்த மாசத்துல மூணாவது டென்ஷன். செயினுக்கா உங்களுக்கா?"

செயினை இறுக்கும் டென்ஷன் போல்டைத் திருகினான். ஆறு கண்ணித் தளர்வை அது தாங்கியது. தாங்கி, போல்ட் நகரும் காடியின் கடைசி விளிம்பில் போய் முட்டி நின்றது. இனி ஒரு சுற்றுகூடத் திருக இடமில்லை. எட்டும் வந்துவிட்டால் அதைத் தாங்க எதுவும் இல்லை. செயின் பல் தாண்டும்.

*

சூப்பர்வைசரின் அறையில் மின்விசிறி காகிதங்களைத் தூக்கித் தூக்கி வைத்தது.

"சார், லிஃப்டை நிறுத்தணும்."

"எதுக்கு?"

"செயின் சரியில்லை."

"புதுச் செயினா? அளந்தியா?"

"அளந்தேன். 610."

"610ன்னா புதுசு. அப்புறம் என்ன சரியில்லை?"

"கண்ணி கூடுது சார்."

அவர் பேனாவை வைத்தார். "கூடுதா? செயின் என்ன குட்டி போடுதா?" சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இங்க பாரு. நீ ராத்திரி தூங்குறியா இல்லையா? நடந்தது நடந்துபோச்சு. ஆறின புண்ணைக் கிளறாதே. கிளறினா உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. அந்தப் பொண்ணுக்கும் நல்லதில்லை. புரியுதா?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். கூடிய கண்ணிகள் எந்தச் செயினுடையவை என்பது. அதைச் சொன்னால் லிஃப்ட் நிற்கும், தங்கை அந்தத் தட்டுக்குக் கீழே நிற்க வேண்டாம். வாக்கியம் வாயில் வந்து, உப்புக்கல்போல நாக்கில் உட்கார்ந்திருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

"புரியுது சார்" என்றான்.

ஊமை கண்ட கனவாக அது உள்ளேயே இருந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு மணிக்கும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி லிஃப்டை நிறுத்தி, ஆறையும் எடுத்தான். ஆறும் வந்தன. ஆறுக்குமேல் வரவில்லை. காத்திருந்தன.

*

சனிக்கிழமை சாயங்காலம் தங்கை அவன் அறையைப் பெருக்கினாள். மச்சான் போனபிறகு அவளும் குழந்தையும் அவன் வீட்டில்தான் இருக்கிறார்கள். செருப்புப் பெட்டியை நகர்த்தியபோது கனத்தது. திறந்து பார்த்திருக்கிறாள். அவன் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது துணி விரிந்து கிடந்தது. அவள் ஒரு பின்னைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னண்ணா இது, இரும்பையெல்லாம் கட்டிலுக்கடியில வெச்சிருக்கே? பிள்ளை கால்ல போட்டுக்கிட்டா?"

"பழைய கண்ணி."

கட்டைவிரலால் பின்னைத் தடவினாள். "ஒரு பக்கம் குழிஞ்சிருக்கே."

"தேஞ்சா அப்படித்தான்."

"எந்த மெஷின்து?"

"பழைய மெஷின்."

அவள் தலையாட்டினாள். பின்னைக் கீழே வைக்கவில்லை. வெளியே குழாயடியில் யாரோ வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் விழுந்து நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போய் மூடவில்லை.

"அண்ணா."

"ம்."

"அவர் பதினஞ்சு வெச்சாருன்னு எழுதியிருக்காங்கல்ல. அவர் கடையில அரைக் கிலோ கூட வாங்கினாலே ரெண்டு பையாக் கேக்கற ஆளு. பாரம்னா பயம்." "அன்னிக்குக் காலையில நீதானே செயினைப் பாத்தே. நல்லாத்தானே இருந்துது?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். முகம் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"நல்லாத்தான் இருந்துது."

"அப்ப அவர்தான் வெச்சிருக்கணும்" என்றாள். குரலில் எதுவும் இல்லை. பின்னைத் துணியில் வைத்துச் சுற்றினாள், குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோலப் பார்த்துப் பார்த்து. "நான்தான் இத்தனை நாளா எல்லாரையும் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"திங்கட்கிழமை நீ லீவு போடு."

"ஏன்?"

"போடு."

"ஏன்னு சொல்லு, போடறேன்."

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

காலையில் செருப்புப் பெட்டியைத் திறந்தான். துணி அவள் சுற்றியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருக்கும். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைகூடவா? பொண்டாட்டி இருந்தா விடுவாளா உன்னை?" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அது தூரத்தில், கேட்டருகே, ரேடியோ பக்கத்தில்.

சொல்லிவிட்டால் லிஃப்ட் நிற்கும். சொல்லாமலே ஆபத்தை நிறுத்திவிடப் பார்த்தான். ஸ்டோரில் இன்னொரு செயின் இருந்தது, பிரிக்காத பெட்டியில், காகிதம் சுற்றி, இருநூற்று நாற்பது கண்ணி. இப்போது இருப்பதை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு அதை மாட்டிவிட்டால் திங்கட்கிழமை தங்கை நிற்கிற இடம் பத்திரமாக இருக்கும். பிறகு வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். தட்டைத் தலைக்குமேல் உயரும்வரை ஏற்றினான். ஏற்றும்போது செயின் இரண்டு முறை பல்லில் எகிறியது. மெயின் சுவிட்சை அணைத்தான். பூட்டினான். சாவி பையில். தட்டுக்கு அடியில், குழியின் இரண்டு ஓரத்திலும், ஆள் கனத்தில் இரண்டு முட்டுக்கட்டைகளை நிறுத்திச் சம்மட்டியால் அடித்து இறுக்கினான். தட்டு கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. செயினையும் தட்டையும் இணைக்கும் போல்டைக் கழற்றினான். இப்போது தட்டைச் செயின் பிடித்திருக்கவில்லை. கட்டைகள் மட்டும்தான்.

குழிக்குள் இறங்கினான்.

மதியம் பன்னிரண்டு இருக்கும். கூரைத் தகடு வழியாக வெயில் நேராக இறங்கி, தட்டின் நிழலைச் சதுரமாக அவன்மேல் போட்டது. குழிக்குள் பழைய எண்ணெயும் அட்டைத் தூசும் ஊறிய வாசனை. தூரத்தில் ரேடியோவில் யாரோ செய்தி வாசித்தார்கள், சொற்கள் புரியாத தூரத்தில்.

இணைப்புக் கண்ணியின் கிளிப்பைத் தட்டி எடுத்தான். பின்னை உருவினான். செயின் திறந்தது. ஒரு முனையைத் தரையில் விட்டு, மறுமுனையைக் கை மாற்றி மாற்றி இழுத்தான். மேல்சக்கரம் தடையில்லாமல் சுழன்றது. செயின் இறங்கி வந்தது. இறங்க இறங்கக் காலடியில் மடிந்து விழுந்தது. பழக்கத்தில் எண்ணினான்.

பத்து. இருபது. பளபளப்பானவை.

நூறு. மங்கலான இரண்டு. மறுபடி பளபளப்பு.

நூற்றைம்பது. மங்கலான நான்கு. பிறகு இரண்டு.

இருநூற்று எண்பதிலும் செயின் வந்துகொண்டிருந்தது.

அவன் எண்ணிக்கையை விட்டுவிட்டதாக நினைத்தான். இருநூற்று நாற்பத்தெட்டுக்குமேல் இருக்க முடியாது. எங்கோ பத்து பத்தாகத் தாவியிருப்பான். இழுத்தான். இருநூற்று எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. இப்போது வருவதில் பளபளப்பானது ஒன்றுகூட இல்லை. எல்லாம் மங்கல். எல்லாவற்றின் மூட்டிலும் செந்தூள். உள்ளங்கையில் ஒட்டியது. துருதான். பேன்ட்டில் துடைத்தான். மறுபடி இழுத்தான்.

முந்நூறு.

முந்நூற்று நாற்பது.

கையை எடுத்தான். செயின் நிற்கவில்லை.

அதுவாகவே இறங்கியது. வேகமில்லாமல். கண்ணி கண்ணியாக. மேல்சக்கரத்தின் பல்லில் ஒவ்வொன்றும் ஏறி, உட்காராமல், நுனியில் நின்று, விழுந்தது. டக். டக். டக். அவன் காலைச் சுற்றி விழுந்தது. கணுக்கால் மறைந்தது. முழங்கால் வரை வந்தது. இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

ஏற வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவேண்டும் என்றும் தெரிந்தது. வரவில்லை. காலை இழுத்தான். கால் வரவில்லை. குனிந்து ஒரு கைப்பிடிச் செயினைத் தூக்கி வெளியே போட்டான். வெளியே விழுந்த சத்தம் கேட்டது. அந்த இடத்தை மேலேயிருந்து வந்தது நிரப்பியது.

தொடைவரை.

நின்றது.

எல்லாம் நின்றது. சக்கரம். சத்தம். ரேடியோவும்.

செயினின் கடைசி முனை மேலே இருட்டில் தொங்கியது. ஆடவில்லை. யாரோ அந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

இடது பக்கத்து முட்டுக்கட்டை மெல்லச் சாய்ந்தது.

அவன் அதைப் பார்த்தான். அவ்வளவு பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும் கட்டை சாயாது. சம்மட்டி இல்லாமல் அசையாது. அது சாய்ந்து, குழி விளிம்பில் மோதி, புரண்டு, ஓரமாகப் போய்க் கிடந்தது.

தட்டு இறங்கவில்லை.

வலது கட்டையைத் தொட்டான். விரலால்தான் தொட்டான். அதுவும் அசைந்தது. தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வெளிச்சம் தெரிந்தது. தட்டு உயர்ந்திருந்தது. எதுவும் பிடிக்காத தட்டு. மோட்டார் பூட்டியிருந்தது. சாவி அவன் பையில் இருந்தது.

இரண்டாவது கட்டையும் விழுந்தது.

தட்டின் அடிப்பாகம் தலைக்குமேல். கழுவியும் போகாத கறை ஒரு மூலையில். அதில் எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டது. விழாமல் நின்றது.

மேல்தளத்தில் பலகை அழுந்தும் சத்தம். கனமான ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் கால் மாற்றி நிற்கும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம்.

கத்தலாம். காவல்காரருக்குக் கேட்காது, இருந்தாலும் கத்தலாம். ஒரு வார்த்தை போதும். அவன் வாயைத் திறந்தான். நாக்கு அங்கேதான் இருந்தது. ஐந்து மாதமாக இருந்த இடத்திலேயே.

மேலேயிருந்து குரல் வந்தது. கோபம் இல்லாத குரல். வேலை நேரத்துக் குரல், கை வலிக்கிற, பதில் வந்தால் வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கிற குரல். அவனை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான்.

"மச்சான், கீழ யாரும் இல்லையே? விட்டுடட்டுமா?"